கொதிக்கக் கூடாத பால்

நாகர்கோவிலிலிருந்து வரும் மும்பை எக்ஸ்பிரஸ் புனேயைத் தாண்டியதுமே பெட்டிக்குள் மூட்டை கட்டும் சத்தம் தொடங்கிவிடும். லோனாவாலாவுக்குப் பிறகு ஒரே இறக்கம்தான். குகைக்குள் புகுவதும் வெளியே வருவதுமாக வண்டி போர்காட் மலையை இறங்குகிறது. ஆகஸ்ட் மாதம் என்பதால் பாறைதோறும் அருவி. ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் சாரல். குழந்தைகள் திறக்கச் சொல்கிறார்கள், பெரியவர்கள் மூடச் சொல்கிறார்கள்.

இந்த வண்டியில் வருகிறவர்களில் பலர் தாராவிக்காரர்கள். தோல் பதனிடும் வேலைக்காக நெல்லைச் சீமையிலிருந்து மும்பைக்குப் போன குடும்பங்களின் பேரன் பேத்திகள். ஆடிக் கொடைக்கு ஊர் வந்துவிட்டு, கருப்பட்டியும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயுமாகத் திரும்புகிறார்கள். அப்படித் திரும்பிக்கொண்டிருந்த ஓர் ஆச்சி, எதிர் இருக்கையில் கைக்குழந்தையோடு இருந்த பெண்ணிடம் தன் பேத்தி பிறந்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

“ஏழாம் மாசமே பொறந்துட்டா. உள்ளங்கை அளவுக்குத்தான் இருந்தா. சயான் ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாவ. எம் மவளுக்கு அப்போ பாலே ஊறல. வேற தாய் பாலைச் சூடு பண்ணி, குழாய் வழியாக் குடுத்தாவ.”

“சூடு பண்ணினா சத்து போயிராதா ஆச்சி?”

“நானும் அதத்தான் நர்சம்மாகிட்ட கேட்டேன். கொதிக்க வைக்க மாட்டோம் பாட்டி, எவ்வளவு சூடு வேணுமோ அவ்வளவுதான் வைப்போம்னு சொன்னா. அதுக்கு மேல எனக்கு வெளங்கல.”

கர்ஜத்தில் வடாபாவ் விற்கிறவர்கள் ஏறியதும் பேச்சு திசைமாறிவிட்டது. ஆனால் ஆச்சி கேட்ட கேள்விதான் உலகெங்கும் தாய்ப்பால் வங்கி நடத்துகிறவர்களை இன்றுவரை விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. எவ்வளவு சூடு வேண்டும்? எதைக் கொல்ல, எதை விட்டுவைக்க?

தாதரில் இறங்கி மெதுவண்டி லோக்கலில் ஏறினால் முதலில் மாட்டுங்கா, அடுத்தது சயான். மழைக்கு நனைந்த குடைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்றபடி வந்து இறங்க வேண்டியதுதான். 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய சிறு கோட்டை ஒன்று பக்கத்துக் குன்றின் மேல் சிதிலமாக நிற்கிறது. தண்டவாளத்தின் ஒரு பக்கம் தாராவி. தமிழில் எழுதிய கடைப் பலகைகளும், விடிகாலையில் இட்லிப் பானையோடு கிளம்பும் சைக்கிள்களும், குயவர்களின் சூளைப் புகையும் உள்ள ஊருக்குள் ஊர். மறு பக்கம் லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை. அந்த முழுப் பெயரைச் சொன்னால் டாக்ஸிக்காரர் யோசிப்பார். சயான் ஆஸ்பத்திரி என்றால் உடனே மீட்டரைப் போடுவார்.

1947இல் ராணுவக் கொட்டகைகளில் தொடங்கிய மருத்துவமனை இது. இன்று மும்பை மாநகராட்சியின் பெரிய மருத்துவமனைகளில் ஒன்று. ஆண்டுக்குப் பத்தாயிரத்தையொட்டிப் பிரசவங்கள். தாராவி, கோலிவாடா, ஆண்டாப் ஹில், குர்லா என்று சுற்றுவட்டத்து ஏழைக் குடும்பங்களெல்லாம் இங்கேதான் வருகின்றன. சத்துக்குறைவான தாய்மார்கள் என்றால் குறைமாதக் குழந்தைகளும் அதிகம். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989 நவம்பரில் இங்கே திறக்கப்பட்டதற்கு அதுதான் காரணம்.

அதைத் தொடங்கியவர் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ், பச்சிளங்குழந்தை மருத்துவர். எடை குறைந்து பிறந்த குழந்தைகள் தொற்றுக்குப் பலியாவதைக் கண்டு, தமது வார்டிலிருந்து புட்டியையும் பவுடர் பாலையும் வெளியேற்றியவர். தாய்ப்பால் மட்டும் என்று முடிவெடுத்த பிறகு அடுத்த சிக்கல் வந்தது. தாய்க்கு ரத்தக்கொதிப்பு, தாய் அறுவைக்குப் பின் மயக்கத்தில், தாய் வேறு மருத்துவமனையில், தாயே இல்லை. அந்தக் குழந்தைகளுக்கு என்ன கொடுப்பது? பக்கத்து வார்டிலேயே குழந்தை குடித்தது போக மீந்த பாலைப் பீய்ச்சிக் கொட்டிக்கொண்டிருந்த தாய்மார்கள் இருந்தார்கள். ஒரு வார்டின் மிச்சத்தை இன்னொரு வார்டின் குறைக்குக் கொண்டுசேர்ப்பதுதான் வங்கி. பின்னாளில், 1999இல், தாராவியின் தாய் சேய் நலத்துக்காக ‘ஸ்நேஹா’ என்ற தொண்டு நிறுவனத்தையும் அவர் உருவாக்கினார்.

உலகில் இது முதல் முயற்சி அல்ல. 1909இலேயே வியன்னாவில் இப்படி ஒரு வங்கி தொடங்கியது. முன்னின்றவர் தியோடர் எஷரிக். குழந்தைகளின் மலத்தில் அவர் கண்டுபிடித்த பாக்டீரியாதான் இன்று ‘ஈ கோலை’ என்று அவர் பெயரைச் சுமந்து திரிகிறது. குழந்தையின் குடலில் என்ன வாழ்கிறது என்று நுண்நோக்கியில் பார்த்தவருக்கு, அந்தக் குடலுக்குள் என்ன போக வேண்டும் என்ற கவலையும் இருந்ததில் வியப்பில்லை.

குறைமாதக் குழந்தையின் குடல்தான் இந்தக் கதையின் மையம். கருப்பையில் இருந்திருக்க வேண்டிய காலத்தில் வெளியே வந்துவிட்ட குடல் அது. சுவர் மெலிது, அசைவு மந்தம், எதிர்ப்புச் சக்தி சொற்பம். பசும்பாலிலிருந்து செய்த பவுடர் பால் அங்கே போகும்போது சில குழந்தைகளுக்குக் குடல் சுவர் வீங்கி, அழுகி, சில சமயம் ஓட்டையே விழுந்துவிடுகிறது. நெக்ரோடைசிங் என்டரோகோலைட்டிஸ் என்பது நோயின் பெயர். டாக்டர்கள் சுருக்கமாக ‘நெக்’ என்பார்கள். சயான் வங்கி திறந்த மறு ஆண்டு, 1990இல், பிரிட்டனின் ஆலன் லூகாஸும் டி. ஜே. கோலும் 926 குறைமாதக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். பவுடர் பால் மட்டும் குடித்த குழந்தைகளுக்கு, தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட 6 முதல் 10 மடங்கு அதிகமாக நெக் வந்திருந்தது. கொடையாகப் பெற்றுச் சூடாக்கிய பாலும் காப்பாற்றுகிறது என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகளும் உறுதிசெய்தன.

ஆனால் அதே பால் கெடுதலும் செய்யலாம். 1980களில் எய்ட்ஸ் பரவியபோது, எச்.ஐ.வி. தாய்ப்பால் வழியாகவும் போகும் என்று தெரிந்ததும் பல நாடுகளில் தாய்ப்பால் வங்கிகள் வரிசையாக மூடப்பட்டன. சைட்டோமெகலோ வைரஸ் என்று ஒன்று உண்டு. பெரியவர்களில் பெரும்பாலோரிடம் சத்தமில்லாமல் தங்கியிருக்கும். குறைமாதக் குழந்தைக்குப் போனால் தொல்லை. போதாததற்குத் தோலிலும் கையிலும் பம்பிலும் இருந்து பாலில் இறங்கும் பாக்டீரியாக்கள் வேறு. உலகமே வங்கிகளை மூடிக்கொண்டிருந்த நேரத்தில் சயான் திறந்தது என்றால், அதற்கு ஒரு தைரியம் வேண்டும். கூடவே ஒரு தெர்மாமீட்டரும் வேண்டும்.

வேலை, சூட்டுக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. கொடையாளி பெரும்பாலும் பிரசவ வார்டிலேயே இருப்பவர். கர்ப்ப காலத்து ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்க்கிறார்கள்: எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சிபிலிஸ். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கிறார்கள். மது, புகையிலை கூடாது. மராட்டியத்தில் இந்தக் கேள்வியைச் சற்றுச் சுற்றிவளைத்துக் கேட்க வேண்டும். ‘புகையிலை உண்டா’ என்றால் இல்லை என்று தலையாட்டும் பெண், ‘மிஷ்ரி தேய்ப்பீர்களா’ என்றால் ஆமாம் என்பார். வறுத்துப் பொடித்த புகையிலையால் பல் துலக்குவது இங்கே பல வீடுகளில் நூறாண்டுப் பழக்கம்.

சொந்தக் குழந்தைக்குப் போக மிச்சம் இருந்தால்தான் கொடை. கை கழுவி, மார்பைத் துடைத்து, கிருமிநீக்கிய பாத்திரத்தில் கையாலோ பம்பாலோ பால் எடுக்கிறார்கள். உடனே குளிரூட்ட வேண்டும். சூடாக்கும் முறை வரும்வரை பால் குளிரிலேயே காத்திருக்கும்.

இந்தக் கட்டத்தை அசட்டையாக நடத்திவிட்டு, எப்படியும் சூடாக்கத்தானே போகிறோம் என்று இருக்க முடியாது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பாலில் பெருகிவிட்டால், சூடு அந்தக் கிருமியைக் கொல்லும். அது ஏற்கெனவே கக்கிவைத்த நஞ்சை ஒன்றும் செய்யாது. பாசில்லஸ் சீரியஸ் என்ற மண் பாக்டீரியா இன்னும் சாமர்த்தியசாலி. தடித்த ஓட்டுக்குள் வித்தாகச் சுருண்டுகொள்ளும். சூடு அதை எழுப்பிவிடும் என்றுகூடச் சொல்லலாம், போட்டிக்கு வேறு கிருமிகள் இல்லாத பாலில் அது நிம்மதியாகப் பெருகும். அதனால்தான் கொடையாளியின் கை கழுவும் தண்ணீர்க் குழாய், வங்கியின் விலையுயர்ந்த இயந்திரத்துக்குச் சமமான கருவி.

இனி இயந்திரம். பார்க்க ஆடம்பரமாக ஒன்றும் இருக்காது. சூடு நிலையாக இருக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதில் புட்டிகளை நிற்கவைக்கும் தட்டு, தட்டை மெல்ல ஆட்டும் மோட்டார். பல தாய்மார்களின் பாலைக் கலந்து புட்டிகளில் நிரப்புகிறார்கள். கலப்பதற்குக் காரணம் உண்டு. ஒருவர் பாலில் கொழுப்பு அதிகம், இன்னொருவர் பாலில் குறைவு. கலந்தால் எல்லாக் குழந்தைக்கும் ஏறக்குறைய ஒரே தரம். புட்டிக்குள் இருக்கும் பாலின் மட்டத்தைவிடத் தொட்டித் தண்ணீரின் மட்டம் உயரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மேற்பரப்புப் பால் சூடேறாமல் தப்பிக்கும். ஆட்டாமல் விட்டால் கொழுப்பு ஏடாக மேலே ஒதுங்கும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது போல், தட்டின் நடுவே ஒரு புட்டிக்குள் மட்டும் தெர்மாமீட்டர் முனை செருகப்பட்டிருக்கும். தொட்டித் தண்ணீர் சூடாகிவிட்டதா என்பது கணக்கில் வராது. அந்தப் புட்டியின் பால் 62.5 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். சரியாக 30 நிமிடம். முடிந்ததும் பனிக்கட்டித் தண்ணீரில் இறக்கி, மளமளவென்று 4 டிகிரிக்குக் கொண்டுவருகிறார்கள். மெதுவாக ஆறவிட்டால் பாசில்லஸின் வித்துகளுக்குக் கொண்டாட்டம். இதற்குப் பெயர் ஹோல்டர் பாஸ்டரைசேஷன். பசும்பாலில் காசநோய்க் கிருமியைக் கொல்லப் பால்பண்ணைகள் கையாண்ட வழி, தாய்ப்பாலுக்கும் வந்து சேர்ந்தது.

62.5 என்பது ஒரு பேரத்தில் படிந்த விலை. அந்தச் சூட்டில் எச்.ஐ.வி. செயலிழக்கிறது, சைட்டோமெகலோ வைரஸ் செயலிழக்கிறது, வித்தாகச் சுருளாத பாக்டீரியாக்கள் சாகின்றன. பதிலுக்குப் பால் என்ன கொடுக்கிறது?

உயிருள்ள அணுக்கள் முழுதும் போகின்றன. தாயின் வெள்ளை அணுக்கள் நேரே குழந்தைக்குப் போய்ச் சேரும் வழி அடைபடுகிறது. கொழுப்பைச் செரிக்கத் தாய்ப்பாலிலேயே வரும் லிப்பேஸ் என்ற நொதி அடியோடு அழிகிறது. அதனால் குழந்தையின் குடல் கொழுப்பை முழுதாகப் பிடித்துக்கொள்வதில்லை, எடை மெதுவாகத்தான் ஏறும். பாக்டீரியாவுக்கு வேண்டிய இரும்பைத் தட்டிப் பறிக்கும் லாக்டோஃபெரின் பெரும்பகுதி போய்விடுகிறது. கிருமிகளின் சுவரை அரிக்கும் லைசோசைம் குறைகிறது. வைட்டமின் சி குறைகிறது.

தங்குவதும் குறைவில்லை. குடலின் உட்சுவரில் காவலிருக்கும் ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதம் சற்றுக் குறைந்தாலும் பாதிக்கு மேல் பிழைக்கிறது. கொழுப்பு அமிலங்கள் அப்படியே. குடல் வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகள் பலவும் தாக்குப்பிடிக்கின்றன. எல்லாவற்றையும்விட, ஒலிகோசாக்கரைடுகள் என்ற சர்க்கரைச் சங்கிலிகளை இந்தச் சூடு தொடவே தொடாது. குழந்தையால் இவற்றைச் செரிக்க முடியாது. குடலில் குடியேறும் நல்ல பாக்டீரியாக்களுக்குத்தான் இவை உணவு. கெட்ட கிருமிகள் குடல் சுவரைப் பற்றிக்கொள்ள விடாமல் தாமே போய் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும் வேலையும் செய்கின்றன. ஆடும் தொட்டியில் அரை மணி நேரம் கிடந்து வந்த பாலும் நெக் நோயைத் தடுப்பதற்கு இவை முக்கியமான காரணம் என்று கருதப்படுகிறது.

சூடு 70ஐத் தாண்டினால் ஐ.ஜி.ஏ.வும் சரியத் தொடங்கும். கொதிக்கவைத்தால் மிஞ்சுவது வெறும் சத்துணவுதான், காவல் இருக்காது. ரயில் ஆச்சிக்கு நர்ஸ் சொன்ன பதிலின் விரிவு இவ்வளவே.

இந்தப் பேரத்தில் இன்னும் கொஞ்சம் விலை குறைக்க முடியுமா என்று பல நாடுகளில் முயல்கிறார்கள். 72 டிகிரியில் 15 விநாடி மட்டும் ஓடவிட்டு எடுப்பது ஒரு வழி. அதிகச் சூடு, மிகக் குறைந்த நேரம். சூடே இல்லாமல் பல ஆயிரம் மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் பாலை அழுத்திக் கிருமிகளை நசுக்குவது இன்னொன்று. புற ஊதாக் கதிர் வேறொன்று. இவற்றில் லிப்பேஸும் லாக்டோஃபெரினும் கூடுதலாகப் பிழைக்கின்றன என்று ஆய்வுக்கூடங்கள் சொல்கின்றன. ஆனால் இயந்திரத்தின் விலையும் சின்ன வங்கிகளின் வசதியும் வேறு கதை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எதிர்த்திசையில் யோசித்தார்கள். ஒரு கண்ணாடி ஜாடிப் பால், அடுப்பின் மேல் ஒரு பாத்திரம் தண்ணீர், பாலுக்குள் ஓர் உணர்கருவி, அதை வாசித்துச் சொல்ல ஒரு செல்போன். பெரிய இயந்திரம் வாங்க முடியாத மருத்துவமனையும் சூட்டை அளந்து வைக்கலாம் என்று அந்த ஏற்பாடு காட்டியது.

பிரேசிலின் வழி இன்னும் எளிமை. 1943இல் ரியோ டி ஜெனிரோவில் தொடங்கிய வங்கியில் ஒரு காலத்தில் ஏழைப் பெண்கள் காசுக்குப் பால் கொடுத்தார்கள். 1985க்குப் பிறகு ஜோவாவ் அப்ரிஜியோ என்ற வேதியியல் அறிஞர் அதைத் தலைகீழாக மாற்றினார். காசு கிடையாது. வெளிநாட்டுப் புட்டிகளுக்குப் பதில் பிளாஸ்டிக் மூடி போட்ட கண்ணாடி ஜாடிகள். காபிப்பொடி வந்த ஜாடியைக் கழுவிக் கிருமிநீக்கினாலே போதும். தலைநகர் பிரசிலியாவில் தீயணைப்புப் படையினர் வீடு வீடாகப் போய் ஜாடிகளை வாங்கி வருகிறார்கள். இன்று அந்த நாட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட வங்கிகள் ஒரே வலையாக இயங்குகின்றன.

சயானுக்குத் திரும்பலாம். ஆறிய புட்டியிலிருந்து ஒரு சொட்டு நுண்ணுயிரியல் ஆய்வுக்குப் போகிறது. முடிவு வரும்வரை அந்தத் தொகுதி கழித்தல் 20 டிகிரியில் உறைந்து கிடக்கும். ஏதாவது ஒன்று முளைத்தாலும் முழுத் தொகுதியும் கழிவறைக்குப் போகும். பிழைத்த புட்டிகள் தேவைக்கேற்பப் பிரிக்கப்படுகின்றன. ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்குத் தொடக்கத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒன்றிரண்டு மில்லிலிட்டர்தான், மூக்கு அல்லது வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில். நூறு மில்லி கொடுத்த ஒரு தாய், ஒரு நாளுக்கு நான்கைந்து குழந்தைகளைத் தாங்குகிறார். கை இடறிச் சிந்தும் கால் ஸ்பூன் இங்கே ஒரு குழந்தையின் ஒரு வேளைச் சாப்பாடு.

தாராவியின் சந்துகளில் நடக்கும்போது வேறொரு கேள்வியும் புலப்படும். கோயிலுக்கு அடுத்து மசூதி, மசூதிக்கு அடுத்து தேவாலயம் என்று இருக்கும் இடம் இது. இஸ்லாமிய மரபில் ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் உடன்பிறப்புகள், பின்னாளில் அவர்கள் மணம்செய்துகொள்ளக் கூடாது. பெயர் தெரியாத பலரின் பாலைக் கலந்து கொடுத்தால் யார் யாருக்கு உறவு? டாக்காவின் மாதுவாயிலில் 2019இல் ஆயத்தமான வங்கி இந்தக் கேள்வியில் முடங்கியது. கராச்சியில் 2024இல் தொடங்கியதும் சில நாட்களில் நிறுத்தப்பட்டது. கலக்காமல் ஒரு தாய்க்கு ஒரு குழந்தை என்று வைத்து, இரு வீட்டாருக்கும் விவரம் கொடுப்பது ஒரு தீர்வாகப் பேசப்படுகிறது. எந்தக் குழந்தைக்குக் கொடுப்பதானாலும் பெற்றோரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கியே கொடுக்க வேண்டும் என்பது இந்திய நெறிமுறை.

காசு நுழைந்தால் கதை கெட்டுவிடும் என்பதும் நெறிமுறையில் உண்டு. 2024 மே மாதம் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தாய்ப்பாலைப் பதப்படுத்தி விற்கக் கூடாது என்று வெளிப்படையாக அறிவித்தது. அதையொட்டிய நாட்களிலேயே சென்னை மாதவரத்தில் புட்டியில் தாய்ப்பால் விற்ற கடை ஒன்றுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அங்கே பிடிபட்ட பால் யாருடையது, எந்தச் சோதனை நடந்தது, எத்தனை டிகிரிச் சூட்டைக் கண்டது என்பதெல்லாம் வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற அரசு இடங்களில் 2014 முதல் இயங்கும் வங்கிகளிலும், 2016இல் புதுச்சேரி ஜிப்மர் தொடங்கிய ‘அமுதம்’ வங்கியிலும் அந்த மூன்றுக்கும் பதிவேடு உண்டு.

இவ்வளவு ஏற்பாட்டையும் செய்கிறவர்களே, இந்தப் பாலை இரண்டாம் இடத்தில்தான் வைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரிசையும் அதுவே: முதலில் பெற்ற தாயின் பால், கிடைக்காவிட்டால் கொடைப் பால், அதுவும் இல்லாவிட்டால்தான் பவுடர். பெற்ற தாயின் பாலைத் தன் குழந்தைக்குக் கொடுக்கும்போது வழக்கமாகச் சூடாக்குவதில்லை. லிப்பேஸ், லாக்டோஃபெரின், உயிரணுக்கள் எல்லாம் முழுதாக வருகின்றன. குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் புரதமும் கூடுதல். ஆகவே ஒரு நல்ல வங்கியில் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பவரைவிட அதிகமாக ஓடியாடுகிறவர் பாலூட்டல் ஆலோசகர். பிரசவமான சில மணி நேரத்துக்குள் தாயைப் பால் எடுக்கவைக்க வேண்டும், ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, இரவிலும் ஒரு தடவை. முதலில் வருவது நாலைந்து சொட்டுச் சீம்பாலாக இருந்தாலும் அதை ஊசிக்குழலில் சேர்த்துக் குழந்தையின் கன்னத்தின் உட்புறம் தடவ வேண்டும்.

தாயும் பிள்ளையும் தனித்தனி வார்டில் இருந்தால் இது பாதிதான் நடக்கும். டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. 1 முதல் 1.8 கிலோவுக்குட்பட்ட குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயின் மார்போடு அணைத்துவைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள். வழக்கமான முறையோடு ஒப்பிட்டால் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. அப்படிப்பட்ட பிரிவுகள் கட்டப்படும் மருத்துவமனைகளில், கொடைப் பால் தாய்க்குப் பால் ஊறும்வரையிலான சில நாட்களுக்கு மட்டும் தேவைப்படும். அதன் பிறகு அதே தாய்க்கு மிச்சம் இருந்தால், அவரிடமும் கேட்பார்கள், மிஷ்ரி தேய்ப்பீர்களா என்று.